தரங்கைக் கடற்கரையும் திருநாள் உலாவும்

கிறிஸ்து பிறப்புத் திருநாள் அணுகியவுடன் நம் மாணவர் உள்ளம் உலாச் செலவை நாடுதல் இயல்பே. இரவெல்லாம் வீடுவீடாகச் சென்று பாடும் கீதக் குழுவும், ஆலய முகப்பில் ஒளிரும் விண்மீன் விளக்கும், அயலார்க்கு அனுப்பும் பலகாரத் தட்டுகளும் 25ஆம் தேதியோடு ஒருவாறு முடிவுறும். மறுநாள் எங்கே செல்வது என்னும் வினாவிற்குச் சோழநாட்டுக் கிறிஸ்தவர் பலர் தரும் விடை தரங்கம்பாடி என்பதாம்.

சென்று காணத்தக்க ஊரே அது. தஞ்சை இரகுநாத நாயக்கரின் உடன்பாட்டின்மேல் டேனியர் 1620இல் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டை இன்றும் அலைகளை நோக்கி நிற்கின்றது. 1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு ஐயர் கரையேறியது இவ்வூரில்தான். மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்ற சிறாரோடு தாமும் அமர்ந்து பயின்ற அவர், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். 1719இல் மறைந்து, தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தினுள்ளேயே துயில்கின்றார். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் உளது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்ததாகிய அக்கோயிலின் முன்புறத்தைக் கடல் கொண்டுவிட்டது. அவ்வூர்க்குக் கடல் அழகு மட்டும் செய்ததன்று.

நிற்க. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறிற்று. தரங்கம்பாடி அந்நாளில் அடங்கியிருந்த நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அவருள் குழந்தைகள் மிகப் பலர். ஆண்டுதோறும் அந்நாட்காலையில் இக்கடற்கரையோர மீனவர் மலர் தூவிப் பாலூற்றிக் கரையில் நின்று அழுகின்றனர். அதே காலையில், அதே மணலில், ஒலிபெருக்கி முழங்க நாம் பந்தாடுதல் தகுமோ?

துக்கம் பழையதாயிற்றென்றும், உலா வருவோரை நம்பிச் சிப்பிமாலையும் வறுத்த மீனும் விற்போர் வாழ்கின்றனரென்றும் சிலர் உரைப்பர். பின்னது மெய்; ஆதலின் செல்லற்க என்று யாம் கூறேம். முன்னதை ஒப்பேம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு ஆண்டுக் கணக்கு யாது செய்யும்? நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுப்பறையில் ஒப்பிக்கும் தமிழ் மாணாக்கர், அவ்விரங்கலைக் கண்ணெதிரே காணுங்கால் முகந்திருப்பி நிழற்படம் எடுத்தல் வியப்பினும் வியப்பு.

திருநாட் களிப்புக்குத் துயரம் புறம்பானது என்பாரும் உளர். மேலைத் திருச்சபை டிசம்பர் 28ஆம் நாளை, ஏரோது கொன்ற பெத்லகேம் மகவுகளின் நினைவுநாளாக வைத்திருக்கின்றது. பாலன் பிறந்த மூன்றாம் நாளே பிள்ளையிழந்த தாயரை நினைக்கும் அம்முறையை வகுத்தோர் மகிழ்ச்சி அறியாதவரல்லர்.

ஆகவே எம் மாணவர் மன்றத்தார்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் சிறிதே. உலாவை 27ஆம் நாளுக்குத் தள்ளுக. விடுமுறை இடந்தராதாயின், 26ஆம் நாள் முற்பகலைப் புதிய எருசலேம் ஆலயத்திலும் பழைய வீதிகளிலும் கழித்து, நண்பகலுக்குப் பின் கடற்கரை செல்க. ஒலிபெருக்கியை விடுதியிலேயே விட்டுச் செல்லலாம். கீதக் குழுவினர்க்குத்தான் குரல் உண்டே.