ஹராஜுகுவை வேடிக்கை பார்த்தவர்கள்

ஜப்பானிய இலக்கியம் பற்றி நண்பர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒரு பெருமூச்சு தவறாமல் எழும். கவாபாட்டாவின் பனிக்கும் தனிசாகியின் நிழலுக்கும் பாஷோவின் தவளைக்கும் உரிய மரியாதைகள் செய்து முடிந்ததும், யாரேனும் ஒருவர் "அந்த ஜப்பான் இன்று எங்கே போயிற்று?" என்பார். அண்மையில் அப்படியொரு கூடுகையில், நாம் பெரிதும் மதிக்கும் மூத்த விமரிசகர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு படத்தைச் சுற்றுக்கு விட்டார். டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் எடுத்த படம். பதினாறு பதினேழு வயதுப் பெண். தலைமுடியே தெரியாத அளவுக்கு வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கிளிப்புகள், கழுத்தில் அடுக்கடுக்காகப் பொம்மை மணிமாலைகள், ஒன்றோடொன்று பொருந்தாத காலுறைகள். "மேற்கை நகலெடுத்து நகலெடுத்துத் தன்னையே தொலைத்துவிட்ட சமூகம்" என்றார். அவை சிரித்தது. நாமும் அன்று வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

ஒரு கவிதையின் ஒற்றைச் சொல்லுக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதுகிறவர்கள், ஒரு பெண் பார்த்துப் பார்த்து உடுத்திய உடையை அரை நொடியில் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்க மறுப்பதைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்பர்கள் பொறுத்தருள்க.

நகல் என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 1925ஆம் ஆண்டு கோன் வாஜிரோ என்பவர் தம் தோழர்களுடன் டோக்கியோவின் கின்சா வீதியில் நின்று, போவோர் வருவோர் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்தார். இவர் நாட்டுப்புறத்து வீடுகளை ஆராய்ந்த கட்டடக்கலை அறிஞர். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் எரிந்த நகரம் புதிதாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. அவரது கணக்கின்படி ஆண்களில் 67 விழுக்காட்டினர் மேலைநாட்டு உடையில் இருந்தனர். பெண்களில் 1 விழுக்காட்டினர் மட்டுமே. இந்த ஆய்வுமுறைக்கு அவர் வைத்த பெயர் நம் மொழி ஆர்வலர்களுக்குப் பிடிக்கும். ஜப்பானிய மொழியில் தொல்லியலுக்குக் 'கோகொகாகு' என்று பெயர். அதன் நடுவிலுள்ள 'பழமை' என்னும் எழுத்தை எடுத்துவிட்டு, 'இப்போது' என்னும் எழுத்தை வைத்துக் 'கோகெங்காகு' என்றார். நிகழ்காலத்தைத் தோண்டிப் பார்க்கும் இயல்.

அந்த 67 விழுக்காட்டு ஆண்களைப் பார்த்து, தன்னைத் தொலைத்தவர்கள் என்று நம் விமரிசகர் ஒருநாளும் சொன்னதில்லை. கோட்டும் டையும் அணிந்த வங்கி அதிகாரி நவீனமடைந்தவராம்; அவருடைய பேத்தி சிவப்புக் காலுறை போட்டால் நகலாம். மெய்ஜி காலத்தில் பேரரசரே மேலையுடைக்கு மாறினார். ஜப்பான் என்றதும் நம் கண்முன் வந்து நிற்கும் பள்ளி மாணவியின் மாலுமிக் காலர்ச் சீருடையும் ஐரோப்பியக் கடற்படையிலிருந்து வந்த இரவல்தான், 1920களில் பரவியது. ஆக, இரவல் வாங்குவதில் எவருக்கும் ஆட்சேபமில்லை. அரசும் பள்ளியும் அலுவலகமும் இரவல் வாங்கலாம். கேட்காமல் வாங்கிக்கொள்ளும் இளையவர்கள்மீதுதான் கோபமெல்லாம்.

அந்தக் கோபம் ஒருமுறை சீருடை அணிந்தே வந்திறங்கியது. 1964ஆம் ஆண்டுக் கோடையில், அதே கின்சாவின் மியுகி வீதியில் இளைஞர்கள் கூடத் தொடங்கினார்கள். கென்சுகே இஷிசு நடத்திய வான் என்ற ஆடை நிறுவனமும், அவ்வாண்டு தொடங்கப்பட்ட ஹெய்பொன் பஞ்ச் என்ற வார இதழும் அறிமுகப்படுத்திய அமெரிக்கக் கல்லூரிப் பாணி உடைகள்தான் அவர்கள் அணிந்தவை. பொத்தான் வைத்த காலர்ச் சட்டை, கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டை, கையில் ஒரு காகிதப் பை. பலரும் பள்ளிச் சீருடையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, காப்பிக் கடைக் கழிவறையில் உடை மாற்றிக்கொண்டு, சீருடையை அந்தப் பைக்குள் திணித்துக்கொண்டவர்கள். வீதியில் அவர்கள் செய்தது என்ன? நின்றார்கள், நடந்தார்கள், மறுபடியும் நின்றார்கள். வேறொன்றுமில்லை. கடைக்காரர்கள் காவல்துறைக்குத் தொலைபேசியில் புகார் சொன்னார்கள். அக்டோபரில் ஒலிம்பிக் விளையாட்டு, உலகமே வரப்போகிறது, வெளிநாட்டவர் கண்ணில் இந்தப் பையன்கள் படலாமா? செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காவலர்கள் வந்து ஏறத்தாழ 200 பேரை மடக்கினார்கள். 85 பேரை சுகிஜி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அணிந்திருந்தது அமெரிக்கப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு விரும்பி வாங்கித்தரும் சாதுவான உடை. அமெரிக்க விருந்தாளிகளின் கண்ணில் படக்கூடாதென்று அமெரிக்க உடை அணிந்தவர்களைப் பிடித்துப் போனார்கள்! உடை அங்கே பிரச்சினையாக இருந்ததில்லை. வேலையோ வாங்கும் நோக்கமோ இல்லாத இளைஞன், எல்லோரும் பார்க்கும்படி ஒரு வீதியில் நிற்கிறான் என்பதுதான் பிரச்சினை.

இப்படிக் கூடியவர்களுக்கு ஜப்பானியப் பத்திரிகைகள் 'சோகு' என்ற பின்னொட்டைச் சேர்த்துப் பெயரிடுவது வழக்கம். குலம், கூட்டம் என்று பொருள் கொள்ளலாம். மியுகி வீதிக்காரர்கள் மியுகி-சோகு. இந்தப் பெயரிடலைப் பரவலாக்கியதில் இலக்கியத்துக்கும் பங்குண்டு. ஷிந்தாரோ இஷிஹாரா 1955இல் எழுதி, அடுத்த ஆண்டு அகுதாகவா பரிசு பெற்ற 'சூரியனின் பருவம்' நாவல்தான் தையோ-சோகு, அதாவது சூரியக் கூட்டம் என்ற பெயருக்குக் காரணம். நாவலாசிரியரின் தலைமுடி வெட்டைக்கூட இளைஞர்கள் பின்பற்றினார்கள். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதே இஷிஹாரா பின்னாளில் டோக்கியோவின் ஆளுநராகி, 2010இல் இளையோரின் ஆரோக்கியமான வளர்ச்சியின் பெயரால் மாங்கா நூல்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். எழுத்தாளர்களுக்கு வயதாகக் கூடாது போலும்.

1977இல் ஹராஜுகுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்களை நிறுத்தி, சாலையை நடப்பவர்களுக்கு விட்டார்கள். ஹராஜுகுவின் கதையில் நம்மைப் பொறுத்தவரை மிக முக்கியமான நிகழ்வு இதுதான். எந்த ஆடை வடிவமைப்பாளரின் பெயரும் இதற்குப் பிறகே வரவேண்டும். கட்டணமில்லை, மதில் இல்லை, வாரம் ஒருநாள் ஒரு சாலை. அங்கே தகெனோகோ-சோகு வந்தார்கள். தகெனோகோ என்றால் மூங்கில் குருத்து. தகேஷிதா தெருவில் 1978இல் திறந்த ஒரு துணிக்கடையின் பெயர் அது. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் தொளதொளத்த அங்கிகளை அணிந்து, ஒலிநாடாப் பெட்டியைத் தரையில் வைத்து, வட்டமாக நின்று ஆடினார்கள். தாமே தைத்து அணிந்தவர்களும் அவர்களில் உண்டு. பிறகு இசைக்குழுக்கள் வந்தன. 1998இல் நெரிசல், இரைச்சல், குப்பை என்று காரணம் காட்டி அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார்கள்.

இடையில் 1981இல் ரெய் கவகுபோவும் யோஜி யமமோட்டோவும் பாரிஸுக்குப் போனதும், கிழிசலும் கறுப்புமாய் அவர்கள் காட்டிய ஆடைகளை மேலைப் பத்திரிகைகள் ஹிரோஷிமாவோடு இணைத்துக் கேலி செய்ததும், டோக்கியோவில் கறுப்பே உடுத்திய பெண்களுக்குக் காக்கைக் கூட்டம் என்று பெயர் வந்ததும் பலர் எழுதிவிட்ட கதை. நகல் வாதம் செய்கிறவர்கள் அங்கேயே தோற்றுவிட்டார்கள். ஆனால் பெரிய பெயர்களைச் சொல்லி வெல்லும் வழக்கு நமக்கு வேண்டாம். பெயரில்லாதவர்கள் பக்கம் நின்றே பேசுவோம்.

1990களில் பொருளாதாரக் குமிழி உடைந்து, படித்து முடித்தவர்களுக்கு வேலை அரிதான காலத்தில், ஷிபுயாவில் ஒரு கூட்டம் உருவாயிற்று. பள்ளிப் பாவாடையைச் சுருட்டிக் குட்டையாக்கி, தொளதொளத்த வெள்ளைக் காலுறையை வழுக்காமலிருக்கப் பசை தடவி ஒட்டிக்கொண்ட பெண்கள். பத்தாண்டின் இறுதியில் அவர்களில் சிலர் தோலைக் கருக்கவைத்து, உதட்டிலும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை பூசிக்கொண்டார்கள். பத்திரிகைகள் அவர்களை 'யமன்பா' என்று ஏசின. யமன்பா மலையில் அலையும் கிழவி, நாட்டார் கதைகளின் அரக்கி. அவள் பெயரிலேயே ஒரு நோ நாடகம் உண்டு. கூடுகைகளில் நோ நாடகம் பற்றிக் கண்மூடி ரசித்துப் பேசும் நண்பர்கள் இதை நினைவில் கொள்ளலாம். வெண்ணிறத் தோலும் அடக்கமும் பெண்ணுக்கு அழகு என்று சொல்லும் நாட்டில், தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு நகரின் நடுவே உரக்கச் சிரித்த பெண்கள் அவர்கள். நம்மூரிலும் சிவப்புத் தோலுக்கான களிம்பு மளிகைக் கடைவரை விற்கிறது. அந்தச் செயலின் துணிச்சலைப் புரிந்துகொள்ள நமக்கு உரையாசிரியர் தேவையில்லை. (கறுப்பு நிறத்தை ஒப்பனையாக்கியது குறித்து நியாயமான வேறு கேள்விகள் உண்டு. நம் விமரிசகர் கேட்டது அவற்றையல்ல.)

இனி ஃப்ரூட்ஸ். 1997இல் ஷோயிச்சி ஆவோகி தொடங்கிய மாத இதழ். முழுப்பக்கத்துக்கு ஓர் ஆள், ஹராஜுகு வீதியில் நேராக நின்று கேமராவைப் பார்க்கும் படம். படத்தைப் பார்ப்பவர்கள் பலரும் அதன் ஓரத்திலுள்ள சிறிய எழுத்துகளைப் படிப்பதில்லை. வயது என்ன, படிக்கிறாரா வேலை செய்கிறாரா, மேலாடை எங்கே வாங்கியது, பாவாடை எங்கே, காலணி எங்கே என்று ஒவ்வொன்றாக அங்கே பட்டியல் இருக்கும். பழைய துணிக்கடையில் வாங்கியது, தானே செய்தது என்ற குறிப்புகள் அடிக்கடி வரும். கோன் வாஜிரோ கின்சாவில் எடுத்த கணக்கின் தொடர்ச்சியாகவே நாம் இதைப் பார்க்கிறோம். பழைய கிமோனோ ஒன்றை வாங்கி, அதன்மேல் தோல் இடைவார் கட்டி, காலில் கனத்த பூட்ஸ் மாட்டி நிற்கும் பெண் மரபைத் தொலைத்தவளா? மரபைப் பெட்டிக்குள் பூட்டி, திருமணத்துக்கு மட்டும் எடுப்பவர்களைவிட அவள் அதை அதிகம் புழங்குகிறாள். 2001இல் தொடங்கிய காதிக் அண்டு லோலிடா பைபிள் இதழ், தைப்பதற்கான வெட்டு வரைபடங்களையும் சேர்த்தே வெளியிட்டது. நுகர்வு வெறி என்று சொல்பவர்கள், நுகர்வோர் ஏன் தையல் கற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் விளக்கிவிடலாம்.

சாலை மூடப்பட்ட பின் இளையவர்கள் ஹராஜுகு நிலையத்தை ஒட்டிய ஜிங்கு பாலத்தில் கூடினார்கள். பின்னாலேயே கேமராக்கள் வந்தன. ஆவோகி நின்று, கேட்டு, குறித்துக்கொண்டு படமெடுத்தவர். வந்த கூட்டமோ மிருகக்காட்சி சாலைக்கு வந்ததுபோல் வந்தது. 2004இல் க்வென் ஸ்டெஃபானி என்ற அமெரிக்கப் பாடகி நான்கு பெண்களுக்கு 'ஹராஜுகு கேர்ள்ஸ்' என்று பெயர் சூட்டித் தம் பின்னே அலங்காரமாக நிறுத்திக்கொண்டார். 2009இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகமே மூன்று இளம்பெண்களைக் 'கவாயி தூதர்கள்' என்று நியமித்தது. ஒருவர் லோலிடா உடைக்கு, ஒருவர் ஹராஜுகுப் பாணிக்கு, ஒருவர் பள்ளிச் சீருடைப் பாணிக்கு. தூதர்களான அந்தப் பெண்கள்மீது நமக்கு எந்தக் குறையுமில்லை. ஆனால் 1964இல் விருந்தாளி கண்ணில் படக்கூடாதென்று மறைத்த அரசு, 1998இல் வீதியைத் திரும்ப வாங்கிக்கொண்ட நகரம், பதினோரு ஆண்டு கழித்து அவர்களின் உடையை மட்டும் ஏற்றுமதிக்கு எடுத்துக்கொள்கிறது.

2017இல் ஃப்ரூட்ஸ் மாத இதழ் நின்றது. படமெடுக்கத்தக்க இளைஞர்கள் இல்லை என்பது ஆவோகி சொன்ன காரணம். உடனே உலகெங்கும் ஹராஜுகு செத்துவிட்டது என்று இரங்கல் கட்டுரைகள். யுனிக்லோ கொன்றது, மலிவுத் துணி கொன்றது என்றார்கள். 1998இல் யுனிக்லோவும் 2008இல் எச் அண்டு எம்மும் ஹராஜுகுவில் கடை திறந்தது உண்மை. வாடகைக்கும் விலைக்கும் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மலிவுத் துணி உலகின் எல்லா நகரங்களுக்கும்தான் போயிற்று. ஒரு வீதியில் சும்மா நிற்க முடியாமல் போவது வேறு விஷயம். நிற்கும் இடத்தைப் பறித்து, நின்றவர்களைப் பார்வைப் பொருளாக்கி, பிறகு ஏன் யாருமே நிற்கவில்லை என்று வருந்துவதில் நம்மைப்போன்ற தூரத்துப் பார்வையாளர்களுக்கும் பங்குண்டு. அன்று கூடுகையில் சிரித்தவர்கள் எல்லோரும் அந்தப் பாலத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அரசு சீருடைப் பாணியைத் தூதராக்கியதே, அந்தச் சீருடைக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே பழுப்பு முடி கொண்ட ஒசாகா மாணவி ஒருவர், முடியைக் கறுப்புச் சாயத்தால் மறைக்கப் பள்ளி மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதாக 2017இல் வழக்குத் தொடுத்தார். அவர் பள்ளிக்கு வராமல் போனபின் வகுப்பிலிருந்து மேசையை அகற்றி, பெயர்ப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, பெயரை எடுத்ததற்காக 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முடி பற்றிய விதி செல்லும் என்றது. டோக்கியோ மாநகர அரசின் உயர்நிலைப் பள்ளிகள் இத்தகைய விதிகளைக் கைவிட்டது 2022 ஏப்ரலில்தான். வகுப்பறை வாசலில் நின்று மாணவர்களின் சட்டையையும் முடியையும் பார்வையிடும் வேலையை நாமும் பல ஆண்டுகள் செய்திருக்கிறோம். அப்போது அது ஒழுக்கம் என்றே பட்டது.

அந்தக் கைபேசிப் படத்துப் பெண்ணின் தலையிலிருந்த கிளிப்புகளை அன்று யாரும் எண்ணவில்லை; பாவாடை தைத்ததா வாங்கியதா என்று யாரும் கேட்கவில்லை. ஃப்ரூட்ஸ் படங்களின் தொகுப்பொன்று 2001இல் நூலாக வந்திருக்கிறது. அடுத்த கூடுகைக்கு அதை எடுத்துவருகிறோம். மூத்த விமரிசகர் தம் மூக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவரட்டும். ஓரத்து எழுத்துகள் பொடியானவை.