மலை காண்டலும் மலை காத்தலும்

வைகாசி கழிந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே வீசத் தொடங்கியதும், நெல்லைச் சீமை மாணவருள் குற்றாலத்தை எண்ணாதார் ஒருவரும் இரார். திரிகூடமலை முகிலைப் போர்த்துக்கொள்ள, சாரல் முகத்திற் படிய, பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தினின்று பாய்ந்து பொங்குமாங்கடலிற் புரண்டு வீழும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறப்பரோ? மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியுள் குறத்தியின் வாயில் வைத்துப் பாடிய மலைவளத்தை வகுப்பிற் பயிலும் எம்மனோர்க்கு அவ்வேட்கை இருமடங்காதல் இயல்பே. எனினும், ஈண்டு யாம் கூறப் புகுவது அருவியின் அழகன்று. அவ்வழகை நுகரும் நாம் அதற்குச் செலுத்த வேண்டிய கடனைப் பற்றியே.

அக்கடனைச் செலுத்தும் விருப்பம் மாணவரிடத்து இல்லாமலில்லை. மலைநடை, ஆற்றங்கரைத் தூய்மைப் பணி, மரநடுவிழா எனப் பல பெயரால் இக்காலக் கல்லூரிகளினின்று குழுக்கள் புறப்பட்ட வண்ணம் உள்ளன. இது மகிழ்தற்குரியதே. ஆயின், இப்புறப்பாடுகளாற் பயன் பெறுவது மலையா, நாமா என்னும் வினாவை நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வினா எம் உள்ளத்தில் எழுந்தவாற்றை மறையாது உரைக்கின்றோம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று பிற்பகலில், எம் தோழர் முப்பதின்மருடன் தென்காசியை அடுத்த சிற்றாற்றங்கரைக்குத் தூய்மைப் பணிக்காகச் சென்றிருந்தோம். இரண்டு மணி நேரத்தில் சோப்பு உறைகளும், எண்ணெய்ப் பொட்டலங்களும், நீராடியோர் கழற்றி எறிந்த துணிகளுமாகப் பல சாக்குகள் நிறைந்தன. சாக்குகளை முன்னே அடுக்கி, பதாகையைப் பின்னே பிடித்து நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். ஒரு திங்கள் கழித்து வேறொரு காரியமாக அவ்வழியே சென்றபோது, கரை யாம் முன்னர்க் கண்ட நிலையிலேயே கிடந்தது. அவ்விடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டி எம்மை அடையாளங் கண்டு, "ஏ பிள்ளைகளா, ஒரு நாள் வந்து பெருக்கிட்டுப் போறிய, மறுநாள் யாரு வருவா?" என்றார். அன்று யாம் அருந்திய தேநீரின் காகிதக் குவளைகள் சில ஒரு புதரடியிற் கிடந்தமையையும் அவரே சுட்டிக் காட்டினார். யாம் தலை கவிழ்ந்து நின்றோம். வேறென் செய்வது?

அவ்வம்மையாரின் வினாவுக்குரிய விடை தென்காசிப் பெருங்கோயிலிலேயே கல்லில் எழுதப்பட்டிருக்கின்றது. 15ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதற்கு நேரக்கூடிய குறைகளைத் திருத்திக் காப்பவர் எவரோ அவர் அடிகளைத் தான் பணிவதாகக் கல்வெட்டிற் பொறித்துள்ளான். முடிமன்னன் ஒருவன், இன்னும் பிறவாத, பெயரறியாத காவலர்க்கு முடி தாழ்த்துகின்றான்! கட்டுதல் ஒரு தலைமுறையின் வேலை. காத்தலோ வழிவழி வருவோர் அனைவரின் வேலை என்பதை அவன் உணர்ந்திருந்தான். நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த அக்கோயிலின் இராசகோபுரம் 1990ஆம் ஆண்டு மீண்டும் நிமிர்ந்தெழுந்தமை அவ்வணக்கம் வீண்போகவில்லை என்பதற்குச் சான்றாகும். கோயிலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, அதன் அயலே ஓடும் சிற்றாற்றுக்கும் பொருந்தாதோ?

இடையறாது செய்யும் தொண்டுக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிற்றாறு சீவலப்பேரியருகே சென்று கலக்கும் தாமிரபரணியின் பாசனக் குளங்களில், 2011ஆம் ஆண்டு முதல் தை மாதத்தையொட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையமும் பிற இயற்கை அமைப்புகளும் முன்னின்று நடத்தும் இப்பணியில், மாணவரும் ஆசிரியரும் பிற தொழில் செய்வோரும் சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் குளக்கரைகளில் விடியற்காலையில் நின்று பறவைகளை எண்ணிக் குறிக்கின்றனர். ஓர் ஆண்டின் எண் தனித்து நின்றால் அதனால் அறியலாவது சிறிதே. ஆண்டுதோறும் அதே குளத்தில் எண்ணியவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்குங்கால், எக்குளம் வளம் குன்றுகின்றது, எப்பறவை வரவு குறைகின்றது என்பன புலனாகும். மீண்டும் மீண்டும் செல்லுதலே இப்பணியின் உயிர்.

'மூன்றாண்டு தங்கிப் பிரியும் மாணவர் இவ்வாறு நிலைத்த தொண்டு செய்தல் கூடுமோ? அரசினர் எதற்கு இருக்கின்றனர்?' எனச் சிலர் வினவுவர். குற்றால அருவிகளில் எண்ணெயும் சோப்பும் பயன்படுத்தலாகாதென மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2014ஆம் ஆண்டே ஆணையிட்டது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 சனவரி முதல் தமிழக அரசு தடை செய்தது. ஆணை பிறந்தபின்னும் அன்று எம் சாக்குகள் நிறைந்தமை, ஆணை மட்டும் போதாதென்பதை வெள்ளிடைமலையாகக் காட்டும். நம் முன்னோர் குளத்தைத் தூர் வாரவும் கரையை உயர்த்தவும் வீட்டுக்கு ஓராள் வந்து உழைத்தனர். குடிமராமத்து என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசிய அறக்கட்டளை, கடற்கரைகளையும் காடுகளையும் விலைக்கு வாங்கியும் நன்கொடையாகப் பெற்றும், பல்லாயிரம் தொண்டர் துணையோடு இன்றும் காத்து வருகின்றது. இவ்விரண்டிலும் ஆட்கள் மாறினர்; பணி மாறவில்லை. மாணவர் பிரிந்து செல்வர் என்பது மெய்யே. கல்லூரி பிரிந்து செல்லுமோ?

மலையேறுதலையே குறிக்கோளாகக் கொண்ட நண்பர்க்கும் ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் மாண்டனர். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனைக் கொண்டு சென்றது. மலை நம் விளையாட்டுக் களமன்று. இசைவு பெற்று, வழி அறிந்தாருடன், வானிலை நோக்கிச் செல்லுதலும் மலைக்குச் செய்யும் மரியாதையின் ஒரு கூறேயாம்.

ஆதலின் யாம் பணிவுடன் வேண்டுவன மூன்று. புதிய இடங்களை ஆண்டுதோறும் தேடாமல், சிற்றாற்றங்கரையில் ஒரு கல் தொலைவையேனும், ஒரு குளத்தையேனும் நம் கல்லூரி தனதெனக் கொண்டு, திங்கட்கு ஒருமுறை அங்கே செல்லுக. செல்லுந்தோறும் கண்ட பறவை, மரம், நீர்மட்டம், அகற்றிய குப்பையின் எடை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, மூத்த மாணவர் பிரியும்போது இளையோர் கையில் ஒப்படைக்குக. மூன்றாவதாக, அவ்விடத்தில் நாளும் உழைக்கும் துப்புரவுப் பணியாளரைக் கலந்தே நம் பணியை வகுத்துக்கொள்ளுக. அவ்விடத்தை நம்மினும் நன்கறிந்தோர் அவரே.

நண்பர்காள்! பழைய மாணவர்களே! அவ்வம்மையார் கேட்ட வினா இன்னும் விடையின்றி நிற்கின்றது. மறுநாள் யார் வருவார்? யாம் வருவோம், எமக்குப் பின் எம் தம்பியரும் தங்கையரும் வருவர் என்று சொல்லும் தகுதியை இவ்வாண்டேனும் பெறுவோமாக. பெற்றுவிட்டால், கல்லில் எழுதி வைத்த பாண்டியனின் வணக்கத்தில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.