‘ஒரே ஒரு சின்ன சேஞ்ச்!’

இரவு பத்தரை மணி. கொருக்குப்பேட்டையில் ஒரு சின்ன டிசைன் கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கம்ப்யூட்டரை அணைக்கப் போகிறார் அந்த இளைஞர். வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுகிறது.

‘‘தம்பி, டிசைன் சூப்பரா இருக்கு. ஆனா, மாமா பார்த்துட்டு பச்சை கலர் வேணாங்கிறாரு. மத்தபடி எல்லாம் ஓகே. ஒரே ஒரு சின்ன சேஞ்ச்தான்!’’

புதிதாகத் திறக்கப்போகும் பிரியாணிக் கடையின் போஸ்டர் அது. முந்தாநாள் பச்சை கேட்டது அந்த மாமாவின் தம்பி. அதற்கு முன்பு சிவப்பு கேட்டது முதலாளி. ஃபைலின் பெயரும் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் புதுசு’ என்று வளர்ந்துகொண்டே போகிறது. ஷட்டர் மறுபடி மேலே ஏறுகிறது.

ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்வரை காத்திருந்து பழகியவர்கள் கொருக்குப்பேட்டைக்காரர்கள். அந்த வண்டிக்குக்கூட கடைசிப் பெட்டி என்று ஒன்று உண்டு. இந்தத் திருத்தங்களுக்குத்தான் அது வருவதே இல்லை. சின்னக் கடையானாலும் பெரிய விளம்பர ஏஜென்சியானாலும் இதே கதைதான்.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. கல்யாணப் பத்திரிகை என்றால், அச்சகத்தில் முதலில் ப்ரூஃப் எடுத்துக் கொடுப்பார்கள். தாத்தா பெயர் தொடங்கி முகூர்த்த நேரம் வரை சரிபார்த்து, பேனாவால் திருத்தி, ‘அச்சடிக்கலாம்’ என்று வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானால், கம்பாசிட்டர் அதைப் பிடுங்கி எடுத்து வேறொன்றைச் செருக வேண்டும். அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதனால், கேட்பவரும் யோசித்துக் கேட்டார்.

கம்ப்யூட்டர் அந்த உழைப்பை மறைத்துவிட்டது. மவுஸ் நகர்வது மட்டுமே தெரிகிறது. ‘ரெண்டு நிமிஷ வேலைதானே?’ என்று தோன்றுகிறது. ஆனால், பின்னணி நிறம் மாறினால் அதன்மேல் இருக்கும் எழுத்தின் நிறமும் மாற வேண்டும். புகைப்படத்தின் வெளிச்சத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். விசிட்டிங் கார்டு, பெயர்ப்பலகை, இன்ஸ்டாகிராம் படம் எல்லாவற்றிலும் மறுபடி கை வைக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 ரூபாய்க்குப் பேசிய வேலை 5 மணி நேரத்தில் முடிந்தால், மணிக்கு 300 ரூபாய். திருத்தங்களால் அது 15 மணி நேரமாக நீண்டால், மணிக்கு 100 ரூபாய். கரன்ட் பில்லும் கடை வாடகையும் அதற்குள்தான்.

இதற்குத் தீர்வு சண்டை போடுவதல்ல. மறைந்துபோன அந்த உழைப்பைத் திரும்பவும் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான்.

முதலில், எண்ணிக்கை. ‘இந்தத் தொகைக்குள் இரண்டு முறை திருத்தித் தருவோம், மூன்றாவது முறையிலிருந்து தனிக் கட்டணம்’ என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போது சொன்னால், அது மிரட்டலாகத் தெரியும்.

இரண்டாவது, ஒரே குரல். மாமா, தம்பி, முதலாளி என யார் என்ன சொன்னாலும், அவர்கள் தங்களுக்குள் பேசி முடித்து ஒரே பட்டியலாக ஒருவர் அனுப்ப வேண்டும். பாதித் திருத்தங்கள் இங்கேயே குறைந்துவிடும்.

மூன்றாவது, எழுத்து. வாய்ஸ் மெசேஜில் வந்ததையும் டைப் செய்து, ‘இவ்வளவுதானே, சரியா?’ என்று கேட்டு பதில் வாங்க வேண்டும். ‘அச்சடிக்கலாம்’ என்ற அந்தப் பழைய கையெழுத்தின் இன்றைய வடிவம் இது.

இதில் ஒரு நியாயமும் உண்டு. பிழை வேறு, மனமாற்றம் வேறு. போன் நம்பரில் ஓர் எண்ணை டிசைனர் தவறாகப் போட்டிருந்தால், எத்தனை முறையானாலும் இலவசமாகவே திருத்தித் தர வேண்டும். பச்சை பிடித்திருந்து, பிறகு பிடிக்காமல் போனால், அது புது வேலை.

ஐ.பி.எம் லோகோவை வடிவமைத்த பால் ராண்டிடம், 1986-ல் தன் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு லோகோ கேட்டுப் போனார் ஸ்டீவ் ஜாப்ஸ். சில மாதிரிகள் காட்ட முடியுமா என்றார். ராண்ட் மறுத்துவிட்டார். தீர்வு ஒன்றுதான் தருவேன். பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம். பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. கட்டணம் 1,00,000 டாலர். அந்த அதிகாரம் கொருக்குப்பேட்டை இளைஞருக்கு இல்லை. ஆனால், நிபந்தனையை முதல் நாளே பேசிவிடுவதற்கு பெரிய பெயர் ஒன்றும் தேவையில்லை.

சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. உத்யம் இணையதளத்தில் குறு, சிறு நிறுவனமாகக் கட்டணமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவு செய்தவர்களுக்கு 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ சட்டம் பொருந்தும். வேலையை ஒப்படைத்த 15 நாள்களுக்குள் வாடிக்கையாளர் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பணம் தருவதற்கான கெடுவை எவ்வளவு பேசி நீட்டினாலும், அது 45 நாள்களைத் தாண்டக்கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆட்சேபம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறபோது, ‘எழுதி அனுப்புங்க’ என்று கேட்கக் கூச்சம் எதற்கு?

வாடிக்கையாளருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘ஏதோ குறையுது தம்பி’ என்றால் யாருக்கும் புரியாது. ‘ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா கடை பேர் தெரியல’ என்றால், ஒரே திருத்தத்தில் வேலை முடியும்.

பத்தே முக்காலுக்கு அந்த இளைஞர் பதில் டைப் செய்கிறார்: ‘அண்ணா, மாமா, முதலாளி எல்லாரும் பேசி, என்னென்ன மாத்தணும்னு ஒரே லிஸ்ட்டா நாளைக்குக் காலையில அனுப்புங்க. மொத்தமா முடிச்சுடலாம். அதுக்கு மேல வர்றதுக்குத் தனி சார்ஜ் ஆகும்ணா.’

இரண்டு நிமிடம் கழித்து இரண்டு நீல டிக். அப்புறம், ‘ஓகே தம்பி.’

ஷட்டர் முழுசாக இறங்குகிறது.