எய்தவர் இருக்க அம்பு மட்டும் தண்டிக்கப்படுவதா?

ரஷ்யாவின் பிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை கமிலா வலியேவா மீது விதிக்கப்பட்டிருந்த நான்கு வருடத் தடை 2025 டிசம்பர் 25ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. தடைக்குக் காரணமான மாதிரி அவரிடமிருந்து பெறப்பட்ட நாளில் அவருக்கு வயது 15. தடை நீங்கிய நாளில் வயது 19. வேறு விளையாட்டுக்களில் 19 வயது என்பது தொடக்கமாகக் கொள்ளப்படும். ஆனால் பெண்களுக்கான பிகர் ஸ்கேட்டிங்கில், அதிலும் வலியேவா வளர்க்கப்பட்ட பயிற்சிக்கூடத்தில், அது ஓய்வு பெறும் வயதாகவே இருந்து வந்துள்ளது. எனவே நான்கு வருடத் தடை என்று ஏட்டில் எழுதப்பட்ட தண்டனை, நடைமுறையில் அவரது விளையாட்டு வாழ்வின் மிகச் சிறந்த காலம் முழுவதையும் பறித்த தண்டனையாகும்.

பனியைக் கண்ணால் காணாத நமது நாட்டவர்க்கு இவ்விளையாட்டு தூரத்து விடயமாகத் தோன்றலாம். ஆனால் அதன் பின்னணியில் எழும் வினா எவருக்கும் அந்நியமானதல்ல. ஒரு குழந்தையின் திறமையினால் நன்மை அடையும் பெரியவர்கள், அக்குழந்தைக்குக் கேடு நேரும்போது பொறுப்பேற்க வேண்டியவர்களா, இல்லையா என்பதே அந்த வினாவாகும்.

2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ரஷ்யாவின் கசான் நகரில் பிறந்த வலியேவா, 13 வயதிலேயே 2020ஆம் ஆண்டின் உலக கனிஷ்ட சம்பியன் பட்டத்தை வென்றார். 2021 ஒக்டோபரில் கனடாவிலும் நவம்பரில் ரஷ்யாவின் சோச்சி நகரிலும் சிரேஷ்ட பிரிவில் களமிறங்கி இரண்டிலும் வென்றார். சோச்சியில் அவர் பெற்ற 272.71 புள்ளிகள் உலக சாதனையாகப் பதிவாகின. 2022 பெப்ரவரி 7ஆம் திகதி பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் குழுநிலைப் போட்டியில், நான்கு சுழற்சிப் பாய்ச்சலை ஒலிம்பிக் அரங்கில் நிறைவேற்றிய முதற்பெண் என்ற பெருமையையும் அவர் அடைந்தார். ரஷ்ய அணி முதலிடம் பெற்றது.

மறுநாளே நிலைமை தலைகீழாக மாறியது. 2021 டிசம்பர் 25ஆம் திகதி சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் நடைபெற்ற ரஷ்ய தேசிய சம்பியன் போட்டியின்போது அவரிடம் பெறப்பட்ட மாதிரியில் டிரைமெட்டாசிடின் என்ற மருந்து இருப்பதாக ஸ்டொக்ஹோம் ஆய்வுகூடம் அறிவித்தது. இதய நோயாளருக்கு மார்பு வலியைத் தணிப்பதற்காக வழங்கப்படும் இம்மருந்து 2014ஆம் ஆண்டு முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப்பட்டியலில் உள்ளது. மாதிரி பெறப்பட்டு அறிக்கை வெளிவர 45 நாட்கள் சென்றிருந்தன. அந்தத் தாமதத்திற்கும் அச்சிறுமிக்கும் எவ்வித தொடர்பும் இல்லை.

ரஷ்ய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் அவரைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. மேன்முறையீட்டையடுத்து அடுத்த நாளே அந்த இடைநிறுத்தம் நீக்கப்பட்டது. இதனை எதிர்த்து சர்வதேச ஒலிம்பிக் குழுவும், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமும், சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியமும் விளையாட்டுத்துறை நடுத்தீர்ப்பு நீதிமன்றத்தை நாடின. பெப்ரவரி 14ஆம் திகதி நீதிமன்றம் அவர் போட்டியிடலாம் என்று தீர்ப்பளித்தது. 16 வயதுக்குக் குறைந்தவர் என்ற வகையில் அவர் விதிகளின்படி 'பாதுகாக்கப்பட்ட நபர்' ஆவார் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று.

அந்தப் பாதுகாப்பு அவரைக் கொண்டு சென்று நிறுத்திய இடம் எது? உலகின் அத்தனை கமராக்களுக்கும் முன்னால் அவர் தனித்து விடப்பட்டார். அவர் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் பதக்கம் வழங்கும் வைபவமே நடைபெறாது என்று ஒலிம்பிக் குழு அறிவித்தது. முதற் சுற்றில் முன்னணி பெற்ற அவர், பெப்ரவரி 17ஆம் திகதி நடைபெற்ற இறுதிச் சுற்றில் மீண்டும் மீண்டும் தடுமாறி விழுந்து நான்காம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். கண்ணீருடன் தளத்தை விட்டு வெளியேறிய சிறுமியிடம், ஏன் போராடுவதை நிறுத்தினாய் என்று அவரது பயிற்றுநர் எத்தேரி துத்பெரிட்சே வினவியதைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. அவரைச் சூழ்ந்திருந்தோர் காட்டிய குளிர்ந்த போக்கு தமது உடலைச் சில்லிடச் செய்ததாக அப்போதைய ஒலிம்பிக் குழுத் தலைவர் தோமஸ் பாக் மறுநாள் பகிரங்கமாகக் கூறினார். ஆனால் குழந்தையை அந்தத் தளத்திற்கு இட்டுச் சென்ற ஏற்பாட்டில் அவர் தலைமை தாங்கிய அமைப்பிற்கும் பங்குண்டு என்பதை மறந்துவிட முடியாது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. ரஷ்ய ஒழுக்காற்றுக் குழு அவரிடம் தவறு எதுவுமில்லை எனத் தீர்மானித்தது. அதற்கு எதிரான மேன்முறையீடு மீண்டும் நடுத்தீர்ப்பு நீதிமன்றத்திற்குச் சென்றது. இதய நோயாளரான பாட்டனாரின் மாத்திரை, அவர் தயாரித்துக் கொடுத்த ஸ்ட்ரோபெரி இனிப்புப் பண்டத்தில் கலந்திருக்கலாம் என்ற விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 ஜனவரி 29ஆம் திகதி, 2021 டிசம்பர் 25 முதல் கணக்கிடப்படும் நான்கு வருடத் தடை அவருக்கு விதிக்கப்பட்டது. அன்று முதல் அவர் பெற்ற போட்டி முடிவுகள் அனைத்தும் ரத்துச் செய்யப்பட்டன.

இங்கே ஒரு நுட்பமான விடயத்தைக் கவனித்தல் வேண்டும். அவர் வேண்டுமென்றே மருந்தை உட்கொண்டார் என்று நிரூபிக்கப்பட்டதனால் இத்தண்டனை வழங்கப்படவில்லை. அது வேண்டுமென்று நிகழவில்லை என்பதை நிரூபிக்கும் சுமை அவருடையது. அச்சுமையை அவர் நிறைவேற்றவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். அந்தச் சுமையைப் பொறுத்தவரை, வயது வந்த வீரருக்கும் அவருக்கும் இடையே வேறுபாடு காட்ட விதிகளில் இடமில்லை என நீதிமன்றம் கருதியது. ஆக, 2022இல் அவரைத் தளத்தில் இறக்குவதற்குச் சட்டம் அவரைக் குழந்தை என்றது. 2024இல் தண்டிப்பதற்கு அதே சட்டம் அவரை வளர்ந்தவருக்குச் சமமாக நடத்தியது. இரு சந்தர்ப்பங்களிலும் பாதிப்பு அச்சிறுமிக்கே நேர்ந்தது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமலில்லை. அது வலுவானதும் கூட. உடலுக்குள் தடைசெய்யப்பட்ட பொருள் எவ்வாறு வந்தது என்பதற்கு வீரரே பொறுப்பு என்ற கடுமையான விதி இல்லையெனில், ஒவ்வொருவரும் ஒரு பாட்டனாரையோ ஓர் இனிப்புப் பண்டத்தையோ காரணம் காட்டித் தப்பிவிடுவர். 16 வயதுக்குக் குறைந்தோருக்கு விலக்களித்தால், மருந்து கொடுக்க விரும்புவோர் அவ்வயதினரையே தேடிச் செல்வர். நேர்மையாகப் போட்டியிட்டவர்களுக்கும் நீதி கிடைத்தாக வேண்டும். பீஜிங் குழுநிலைப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற அமெரிக்க அணியினர் தங்கப்பதக்கத்தைப் பெற்றது 2024 ஓகஸ்ட் 7ஆம் திகதி, பரிஸ் நகரில், கோடைகால ஒலிம்பிக்கின் நடுவிலேயாகும். ஜப்பானிய அணிக்கு வெள்ளி கிடைத்தது. பிந்திக் கிடைக்கும் பதக்கத்தின் கசப்பை இலங்கையர் நன்கறிவர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற வெண்கலம், மரியன் ஜோன்ஸின் ஊக்கமருந்து மோசடி வெளிப்பட்ட பின்னர், 2009ஆம் ஆண்டிலேதான் வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

எனவே வலியேவாவின் முடிவுகள் ரத்தானதை எவரும் குறைகூற முடியாது. மருந்து கலந்த உடலுடன் ஈட்டிய வெற்றி வெற்றியல்ல. எமது ஆட்சேபம் வேறு. ஒரு 15 வயதுச் சிறுமி இதய நோய்க்கான மருந்தைத் தாமாகவே தேர்ந்து, தாமாகவே பெற்று, தாமாகவே அளவறிந்து உட்கொண்டிருப்பார் என்று நம்புவது கடினம். அவரது உணவு, உறக்கம், பயிற்சி, மருந்து அனைத்தையும் பெரியவர்கள் தீர்மானிக்கும் சூழலிலேயே அவர் வாழ்ந்தார். ஆயினும் தீர்ப்பில் தண்டனைக்குரியதாகப் பதிவான பெயர் ஒன்றே. குழுவின் நிலையும் நோக்கத்தக்கது. வலியேவாவின் புள்ளிகள் நீக்கப்பட்ட பின்னரும் ரஷ்ய அணிக்கு மூன்றாமிடம் எஞ்சியது. இதனை எதிர்த்த கனடாவின் மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டது. அணிக்கு வெண்கலமாவது மிஞ்சிற்று. சிறுமிக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இது தனியொரு சம்பவமாக இருந்திருப்பின் விதியின் கொடுமை எனக் கூறி அமையலாம். ஆனால் மொஸ்கோவிலுள்ள அதே பயிற்றுநரின் கீழ் வளர்ந்தோரின் வரலாற்றை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. 2014இல் சோச்சியில் 15 வயதில் அணியின் தங்கத்திற்குத் துணைநின்ற யூலியா லிப்னிட்ஸ்காயா, 2017இல் 19 வயதில் ஓய்வு பெற்றார். உணவை வெறுக்கச் செய்யும் நோய்க்குத் தாம் சிகிச்சை பெற்றதாக அவரே வெளிப்படையாகக் கூறினார். 2018இல் 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அலினா ஸகிட்டோவா, 2019 டிசம்பரில் 17 வயதில் போட்டிகளிலிருந்து விலகி நின்றார். ஒருவர் ஒதுங்க, அவரிலும் இளையவர் அவரது இடத்தை நிரப்பினார்.

இதற்கு விளையாட்டின் புள்ளி முறையும் காரணமாகும். மூன்று சுழற்சி கொண்ட 'டோ லூப்' பாய்ச்சலுக்கு அடிப்படைப் புள்ளி 4.2, நான்கு சுழற்சிக்கு 9.5. ஒரேயொரு சுழற்சி கூடும்போது புள்ளி இரட்டிப்பிலும் அதிகமாகின்றது. ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் நான்கு முறை சுழல்வதற்கு ஒடுங்கிய, எடை குறைந்த உடல் தேவை. பெண்ணுடல் முதிர்ச்சி அடையும்போது அச்சுழற்சி கடினமாகின்றது. ஆகவே முதிர்ச்சிக்கு முன்னர் பலனை அறுவடை செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் பயிற்றுநரிடம் எழுகின்றது. கனியைத் தடிகொண்டு பழுக்க வைக்கும் வேலை இது.

இதற்கு மாற்று வழி உண்டு என்பதற்கும் சான்றுகள் உள்ளன. பீஜிங்கில் வெண்கலம் வென்ற ஜப்பானின் கவோரி சகமோட்டோ நான்கு சுழற்சிப் பாய்ச்சல் எதுவுமின்றி, 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று தடவைகள் உலக சம்பியனானார். 13 வயதில் அமெரிக்க தேசிய சம்பியனான அலிசா லியூ, 2022இல் 16 வயதில் தமது விருப்பப்படி விலகினார். பின்னர் தமது விருப்பப்படியே திரும்பிவந்து, 2025 மார்ச்சில் பொஸ்டன் நகரில் உலக சம்பியன் பட்டத்தை வென்றார். விலகவும் திரும்பவும் உரிமை பெற்றிருந்ததே அவருக்கும் வலியேவாவுக்கும் இடையிலான வேறுபாடு.

சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் 2022 ஜூனில் சிரேஷ்ட பிரிவுக்கான குறைந்தபட்ச வயதெல்லையை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்தியமை வரவேற்கத்தக்கது. ஆயினும் அது பாதி மருந்தே. வயதெல்லை, குழந்தை மேடையேறும் நாளைத் தள்ளிப்போடுகின்றது. மேடைக்குப் பின்னால் நிகழ்வதை அது தொடுவதில்லை. கனிஷ்ட பிரிவில் 13 வயதுச் சிறுமிகள் இன்றும் அதே பாய்ச்சல்களைப் பயில்வதற்குத் தடையேதும் இல்லை.

துத்பெரிட்சே தமது மாணவி குற்றமற்றவர் என்றே 2022இல் கூறினார். வலியேவாவின் பதினாறாவது பிறந்தநாளன்று கிரெம்ளினில் நடைபெற்ற வைபவத்தில், இத்தகைய நேர்த்தியை ஊக்கமருந்தினால் அடைய முடியாது என ஜனாதிபதி புட்டின் புகழ்ந்தார். நாட்டின் பெருமைக்கு அவர் தேவைப்பட்டார். அவர் குற்றமற்றவர் எனில், அந்த மருந்தை அவரது உடலில் சேர்த்தவர் எவர் என்பதைக் கண்டறியும் கடமை இவ்வாறு புகழ்ந்தோருக்கே முதலில் உண்டு.

வயது குறைந்த வீரரிடம் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்படின் அவரைச் சூழவுள்ள பயிற்றுநர், வைத்தியர் முதலானோர் விசாரிக்கப்பட வேண்டும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கோவை ஏற்கனவே கூறுகின்றது. விதி இருக்கின்றது, அதற்குப் பல் இல்லை. விசாரணை அறிக்கை பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். அவ்விசாரணையை அந்நாட்டு நிறுவனத்திடம் மட்டும் ஒப்படைக்காது, சுயாதீனமான சர்வதேசக் குழுவொன்று நடத்துதல் வேண்டும். நிரூபிக்கும் சுமையைக் குழந்தையின் தோளில் ஏற்றும் சட்டம், அதே சுமையில் ஒரு பங்கையேனும் அக்குழந்தையின் பொறுப்பாளர் தோளிலும் ஏற்றுதல் வேண்டும்.

எய்தவர் இருக்க அம்பை நோவதில் பயனில்லை என்பர். வலியேவா இழந்த நான்கு வருடங்களை இனி எவராலும் மீட்டுக் கொடுக்க முடியாது. அடுத்த சிறுமியின் மாதிரியில் அடுத்த மருந்து காணப்படும் நாளில் அவளுடைய பெயருடன் வேறு பெயர்களும் குற்றப்பத்திரத்தில் இடம்பெறுமா என்பதைக் கொண்டே, விளையாட்டுலகம் இவ்விவகாரத்திலிருந்து பாடம் கற்றதா, இல்லையா என்பதை நாம் தீர்மானிக்க முடியும்.