அறிந்து வளர்த்தலே அன்பு

தில்லி, மும்பை போன்ற பெருநகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மணி பிளாண்ட் கொடியைப் பரவலாகக் காணலாம். பால்கனித் தொட்டியிலும் சன்னலோரக் கண்ணாடிப் புட்டியிலும் அது படர்ந்திருக்கும். அது வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்று சிலர் நம்புகின்றனர். பிறர் வீட்டிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்தால்தான் தழைக்கும் என்பாரும் உளர். இத்தகைய நம்பிக்கைகளால் செடிக்குப் பயன் ஏதுமில்லை. அதன் இயல்பை அறிந்து வளர்ப்பதே உண்மையான அன்பாகும்.

முதலில் செடியை அடையாளம் காண வேண்டும். மணி பிளாண்டையும் பிலோடெண்ட்ரானையும் பலர் ஒன்றெனக் கருதுவர். இரண்டும் இதய வடிவ இலைகளை உடைய கொடிகள். மணி பிளாண்டின் இலை சற்றுத் தடித்து, மெழுகு பூசியது போல் மினுங்கும். பெரும்பாலும் மஞ்சள் அல்லது வெண்ணிறத் தீற்றல்கள் இருக்கும். பிலோடெண்ட்ரானின் இலை மெல்லியது. அதன் தளிர் தனியொரு மெல்லிய உறையிலிருந்து வெளிவரும். மணி பிளாண்டின் தளிருக்கு அவ்வுறை இல்லை.

மணி பிளாண்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரியா தீவு. வெப்பமண்டலக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும்போது அதன் இலை இரண்டு முழம் வரை நீள்வதுண்டு. மரநிழலில் வாழும் இயல்பினதாகையால் கடும் வெயில் இலையைக் கருக்கிவிடும். சன்னல் வழியே வரும் மிதமான ஒளியே அதற்கு ஏற்றது.

தொட்டிச் செடி வாடுவதற்குப் பெரும்பாலும் மிகையான நீரே காரணம். வேருக்கும் காற்று தேவை. மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேர் அழுகும், இலை மஞ்சளாகும். அதைத் தாகம் என்றெண்ணி மேலும் நீர் ஊற்றுவது செடியைக் கொன்றுவிடும். விரலால் தொட்டுப் பார்த்து, ஓர் அங்குல ஆழம் வரை மண் காய்ந்திருந்தால் மட்டுமே நீர் விட வேண்டும். தில்லிக் குளிரில் வளர்ச்சி குறையுமாதலால் நீரையும் குறைக்க வேண்டும்.

'புட்டி நீரில் மட்டும் எவ்வாறு வளர்கிறது?' என்று வினவலாம். நீரில் தோன்றும் வேர் நீருக்கேற்பவே அமைகிறது. அந்நீரையும் வாரம் ஒருமுறை மாற்றுதல் நன்று.

கணுவோடு வெட்டிய தண்டு, எவர் வீட்டிலிருந்து வந்தாலும் வேர்விடும். கணுவில்லாத தனி இலை கொடியாக வளராது. ஆகவே திருட வேண்டியதில்லை, கேட்டுப் பெறலாம்.

மணி பிளாண்ட், சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும் சேர்ந்த சேம்புக் குடும்பத்தது. சேனையை அரிந்தால் கை அரிப்பதை அடுக்களையில் காணலாம். அரிப்பைத் தரும் ஊசி போன்ற படிகங்கள் மணி பிளாண்ட் இலையிலும் உள்ளன. எனவே தவழும் குழந்தைக்கும் வளர்ப்புப் பூனைக்கும் எட்டாத இடத்தில் அதை வைக்க வேண்டும்.

செல்வம் தரும் என்று எண்ணி வாங்கப்படும் கொடி, மண்ணைத் தொட்டுப் பார்க்க ஒருவரும் இல்லாத வீட்டில் அழுகிப்போகிறது. நாள்தோறும் அதை உற்றுநோக்கும் சிறுவரோ சிறுமியோ உள்ள வீட்டில் அது நெடுங்காலம் தழைக்கும்.

சிந்தித்து எழுதுக

1. இலை மஞ்சளானதும் நீர் ஊற்றுவது ஏன் தவறு?
2. 'திருடிய செடியே தழைக்கும்' என்னும் நம்பிக்கையைக் கட்டுரை எவ்வாறு மறுக்கிறது?
3. உம் வீட்டுச் செடி ஒன்றை ஒரு வாரம் உற்றுநோக்கி, கண்டவற்றை ஐந்து வரிகளில் எழுதுக.