பழுது டிஷ்ஷிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை

சென்ற மாதம் வவுனியாவில் என் மாமி வீட்டிற்குப் போயிருந்தேன். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த மகன் வாங்கிவந்த செய்மதி ரிசீவர் ஒன்று, அவரது இருபது வருடப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் இருந்தது. ஒலி தெளிவாக வந்தது. படமோ நிறமின்றி, மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. "பரவாயில்லைத் தம்பி, வானொலி எண்டு நினைச்சுக் கேட்கிறன்" என்றார் மாமி.

மகன் திரும்பிப் போனபின் திருத்துநர் ஒருவர் வந்திருக்கிறார். டிஷ்ஷைத் திருப்பினார், அதன் முன்னுள்ள எல்.என்.பி.யை மாற்றினார், இரண்டுக்கும் பணம் வாங்கினார். கடைசியில், பெட்டி பழுது, புதியது வாங்குங்கள் என்று தீர்ப்புக் கூறிவிட்டுப் போய்விட்டார்.

இதைத்தான் நான் கொள்ளை என்கிறேன். டிஷ் பிழையாயிருந்தால் டிஜிட்டல் படம் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும், ஒலியும் அறுபடும். ஒலி சீராக வந்து, படம் மட்டும் நிறமிழந்து உருண்டால், ரிசீவர் ஒரு முறையிலும் பெட்டி வேறொரு முறையிலும் இயங்குகின்றன என்று பொருள். தொழில் தெரிந்தவர் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ள வேண்டும்.

வட அமெரிக்காவின் என்.ரி.எஸ்.சி. முறைக்கு 525 கோடுகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். ஜேர்மனியில் வால்ரர் புறூக் வகுத்த பால் முறைக்கு (மாமி நினைத்ததுபோல் குடிக்கும் பால் அல்ல) 625 கோடுகள், 25 படங்கள். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 என்பதே இந்தப் பிரிவினையின் வேர். பிரான்ஸ் தனக்கென்று செக்காம் என்ற மூன்றாவது முறையை வகுத்துக்கொண்டது. யப்பான் தன் நாட்டில் என்.ரி.எஸ்.சி.யைப் பயன்படுத்தியபோதும், அதன் உதவியுடன் 1982இல் தொடங்கிய ரூபவாஹினி பால் முறையிலேயே அமைந்தது. உதவி செய்தவருக்குக்கூட, பெறுபவரின் முறை எது என்று பார்க்கத் தெரிந்திருந்தது. ரிசீவரை விற்ற கடைக்காரருக்கோ, அது எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். படம் உருளும்போது மெனுவை வாசிக்க முடியாது. ஆகவே இரு முறைகளையும் ஏற்கும் புதிய பெட்டி இருந்த பக்கத்து வீட்டிற்கு ரிசீவரைத் தூக்கிப்போனேன். அமைப்புகளுக்குள் வீடியோ வெளியீடு என்ற இடத்தில் என்.ரி.எஸ்.சி. என்றிருந்ததைப் பால் என்று மாற்றிச் சேமித்தேன். சில ரிமோட்களில் இதற்கென்றே தனிப் பொத்தான் உண்டு. தவறி அழுத்தினாலும் இதே கூத்துத்தான். கையேட்டில் ஆறு மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை.

புதிய பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்கின்றனவே, இதெல்லாம் பழங்கதை என்று சிலர் எழுதுவீர்கள். பழைய பெட்டி எவர் வீட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒளிநாடாக்களின் கதை இதனினும் கொடியது. கனடாவில் நடந்த திருமணங்களும் செத்தவீடுகளும் என்.ரி.எஸ்.சி. நாடாக்களில் ஊருக்கு வந்தன. பால் முறைக் கருவியில் போட்டுப் பார்த்து, பழுது என்று எறிந்தவர்களை நான் அறிவேன். தகப்பனின் கடைசி முகம் இருந்த நாடாவையும் அப்படி எறிந்தார்கள். இன்னும் எறியாதவர்கள், இரு முறைகளையும் வாசிக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றிக்கொள்ளுங்கள். நாடா நாளுக்கு நாள் நலிகிறது.

குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. பத்திரிகையில் இருந்த காலமெல்லாம் நடிகைகளின் திருமணத்திற்குப் பக்கம் ஒதுக்கினோம். இதற்கு ஒரு பெட்டிச் செய்திகூடப் போட்டதில்லை.

மாமி அன்றிரவு செய்தியை நிறத்தில் பார்த்தார். எல்.என்.பி.க்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கத் திருத்துநருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். மூன்று வெள்ளி கடந்துவிட்டது.