கண்ணேறா, கணக்கேடா?

ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘பம்பாய் ட்ரீம்ஸ்’ என்னும் இசை நாடகம் நியூயார்க்கு நகரின் பிராட்வே அரங்கிலே 2004 ஏப்ரல் 29-இல் ஏறிற்று; 2005 சனவரி 1-இல் இறங்கிற்று. 284 ஆட்டங்கள்! எட்டே திங்கள்! இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த ஏக்கம் நம்மவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் விடியலிலேயே ஒலிப்பது ரகுமானின் பாட்டு. அவர் நாடகம் அத்தனை விரைவில் ஏன் மூடப்பட்டது? இக்கேள்வி எழாத இளைஞர் மன்றம் நம் குரங்கணி மலையடிவாரத்தில் இல்லை எனலாம்.

கேள்வி நல்ல கேள்வி. கிடைக்கும் விடைகளோ வெட்கக்கேடு! “ஊர்க்கண் பட்டது” என்கிறார் ஒருவர். “நேரம் சரியில்லை” என்கிறார் மற்றொருவர். “தமிழன் வளர்வதை வெள்ளையன் பொறுப்பானா?” என்று மார்தட்டுகிறார் மூன்றாமவர். முதல் இருவர் மூடநம்பிக்கையர்; மூன்றாமவர் பகுத்தறிவாளர் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்பவர்! மூவரும் செய்வது ஒன்றே. கணக்கேட்டைத் திறக்க மறுக்கின்றனர்.

சோதிடரை முதலில் அனுப்பிவிடுவோம். இலண்டனில் ‘பம்பாய் ட்ரீம்ஸ்’ ஏறியது 2002 சூன் 19. ரகுமானும் பங்கு பெற்று இசையமைத்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாடகம் அதே இலண்டனில் ஏறியது 2007 சூன் 19. ஆகா, நாள் பொருத்தம் கெட்டது என்பார்! கெட்ட நாளில் ஏறிய முன்னது ஏறத்தாழ ஈராண்டு ஓடி 2004 சூன் 13-இல் முடிந்ததே, அது எப்படி? சூன் 19-ஐத் தொடாத நியூயார்க்கு ஆட்டம் எட்டுத் திங்களில் அடங்கியதே, அது எப்படி? நாளுக்கு வாயிருந்தால் சிரிக்கும்.

மார்தட்டும் நண்பருக்கு வருவோம். நியூயார்க்கு விமரிசகர்கள் தாராளமாகப் பாராட்டவில்லை என்பது உண்மை. ஆனால் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ யார் கதை? ஆங்கிலேயர் டோல்கியன் எழுதிய கதை. ஆங்கிலேயர் பிள்ளைப் பருவம் முதல் படித்துப் போற்றும் கதை. அது டொராண்டோவில் 2006 மார்ச்சு 23-இல் தொடங்கி அதே ஆண்டு செப்டம்பர் 3-இல் மூடப்பட்டது. இலண்டனில் ஓராண்டும் ஒரு திங்களும் ஓடி 2008 சூலை 19-இல் நின்றது. சொந்தக் கதையையே வெள்ளையன் சூழ்ச்சி செய்து மூடினானா?

மூடியது வேறு. இலண்டனில் அந்நாடகத்தை மேடையேற்ற ஆன செலவு 1 கோடியே 20 லட்சம் பவுன். ‘பம்பாய் ட்ரீம்ஸ்’ நியூயார்க்கில் விழுங்கியது ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டாலர். போட்டவர்க்கு அந்தப் பணம் திரும்பவில்லை. அது ஒருமுறை போடும் முதல். அதனினும் கொடிய மிருகம் ஒன்றுண்டு: கிழமைச் செலவு. அரங்க வாடகை, நடிகர் ஊதியம், இசைவாணர் ஊதியம், திரை இழுப்போர், விளக்குப் பிடிப்போர், உடை வெளுப்போர், விளம்பரம், எழுதியவர்க்கும் இசைத்தவர்க்கும் உரிய பங்கு. கிழமைக்கு எட்டு ஆட்டம். எட்டும் நிறைந்தால்தான் அம்மிருகம் அடங்கும். சனிக்கிழமை கூட்டம் அலைமோதலாம். செவ்வாய்க்கிழமை இருக்கைகள் காற்று வாங்கினால் சனிக்கிழமையின் கைதட்டல் செவ்வாய்க்கிழமைக் கூலியைக் கொடுக்குமா? அரங்க உரிமையாளர் அங்கே ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கிறார்: அடுத்தடுத்து இரு கிழமை வசூல் குறித்த தொகைக்குக் கீழே இறங்கினால் நாடகத்தை வெளியேற்றலாம். கிறித்துமசு, புத்தாண்டு விடுமுறையோடு கூட்டம் கலையும். பனி கொட்டும் சனவரியும் பிப்ரவரியும் வறண்ட காலம். பல நாடகங்கள் சனவரித் தொடக்கத்தில் மூடப்படும் மருமம் இதுதான். சனவரி 1 என்ற நாளைக் குறித்தது சனியன்று, தோழர்களே, சில்லறைக் கணக்கு!

நமக்கு இது புரியாத செய்தியா? 2019 ஆகஸ்டு ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை ஏறியதைக் கண்டோம். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே சரிந்ததையும் கண்டோம். காயின் மணம் குறைந்ததா? மலை மாறியதா? எடுப்புக் கூலிக்கும் உரத்துக்கும் விலை கட்டாதபோது மணம் என்ன செய்யும்? ஆயினும் ஏலக்காய் ஒரு வகையில் கொடுத்துவைத்தது. விலை ஏறட்டும் என்று மூட்டையாய்க் கட்டிக் கிடங்கில் வைக்கலாம். இன்றிரவு விலைபோகாத நாடக இருக்கையை எந்தக் கிடங்கில் வைப்பது? திரை விழுந்ததும் அது செத்தது.

நாடகத்தை அரசு மூடியதும் உண்டு. எம்.ஆர்.இராதாவின் இராமாயண நாடகம் ஊரையே ஆட்டிவைத்தபோது, அதை முடக்க 1954-இல் நாடகச் சட்டம் கொண்டு வந்தார்கள். அச்சட்டத்தின் உயிர்நாடியான பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2013 வரை ஆயிற்று. ஆனால் அங்கே எதிரிக்கு முகம் இருந்தது, போராட முடிந்தது. கணக்கேட்டுக்கு முகமில்லை, அதனால்தான் அதன் இடத்தில் பேயையும் சனியையும் சூழ்ச்சியையும் உட்கார வைக்கிறோம்.

“அந்தக் காலத்தில் நம் நாடகங்கள் மாதக்கணக்கில் ஓடவில்லையா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஓடின. சங்கரதாசு சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையும், அதனையொத்த பாய்ஸ் கம்பெனிகளும் ஊர் ஊராய்க் கொடி நாட்டின. யார் உழைப்பில்? பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகளின் உழைப்பில்! வறுமை துரத்த, எம்.ஜி.ஆர். தம் சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். சோறும் தங்க இடமும், வீட்டுக்குச் சிறு தொகையும். அதற்கு இரவெல்லாம் ஆட்டம். அத்தகைய கூலிக்கு ஆளிருந்தால் பிராட்வேயிலும் பத்தாண்டு ஓட்டலாமே! கரும்பலகை முன் நின்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் நாம், அந்தப் பொற்காலத்துக்காகக் கண்ணீர் விடமாட்டோம்.

பாமல், போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் இருவர் 1966-இல் ஒரு நூல் எழுதினர். ஆலையில் பொறி வந்தால் பத்துப்பேர் வேலையை ஒருவர் செய்வார். நால்வர் வாசிக்கும் இசையை வாசிக்க அன்றும் நால்வர், இன்றும் நால்வர். ஊர்க்கூலி ஏறும்போது அவர்கள் கூலியும் ஏறித்தானே ஆகவேண்டும்? ஆகவே மேடைக் கலையின் செலவு என்றும் மற்றவற்றை முந்தி ஓடும் என்றனர். இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். வள்ளி திருமணத்துக்கு நூறாண்டுக்கு முன் ஓர் ஆர்மோனியக்காரர் ஓர் இரவு முழுதும் வேண்டியிருந்தார். இன்றும் அவரே, அந்த இரவு முழுதுமே.

அங்கே நுழைவுச்சீட்டு இல்லை. ஊர் வரி போட்டு நடத்துகிறது. ராஜபார்ட்டுக்கு ஓர் ஊர், பபூனுக்கு ஓர் ஊர். தனித்தனியே பேசி வரவழைக்கப்பட்டு மேடையிலேயே சந்திக்கின்றனர். கம்பெனி இல்லை, மாதச் சம்பளம் இல்லை. ஆட்டம் நின்றால் கூலி நின்றது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒரு பருவத்துப் பிழைப்பே போயிற்று. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டு விதிகள் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கியைத் தடுத்தன. ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விலக்கு அளிக்கலாம் என்பதே சலுகை. வள்ளிக்கும் நாரதருக்கும் தருக்கம் சூடு பிடிப்பதோ நள்ளிரவுக்கு மேல்! விதியைக் குறை கூறோம்; நோயாளி உறங்க வேண்டும், தேர்வெழுதும் பிள்ளை உறங்க வேண்டும். ஆனால் மாலை 6 மணிக்கே தொடங்கினால் என்ன என்று எத்தனை விழாக் குழுக்கள் எண்ணிப் பார்த்தன? “நாடகம் இனி எடுபடாது” என்று தீர்ப்பளித்துவிட்டு, ஆடல் பாடலுக்கு அச்சாரம் கொடுப்பது எளிதாயிற்று.

“போகட்டுமே! புராணக் குப்பைதானே!” என்று நம் தோழர்களில் சிலர் கூறுவது காதில் விழுகிறது. புராணம் நமக்கும் வேண்டாம். ஆர்மோனியக்காரரின் பசி புராணமன்று. மேடையேறிய பெண்ணைக் ‘கூத்தாடி’ என்று ஏசும் ஊர் வாய், அவள் இராமாயணம் பாடினாலும் ஏசும், சீர்திருத்த நாடகம் நடித்தாலும் ஏசும். கதையை மாற்ற விரும்புவோர்க்கும் மேடை வேண்டும். மேடை நிற்கக் கூலி வேண்டும். நியூயார்க்கில் மூடிய நாடகத்துக்குப் பெருமூச்சு விடும் மன்றங்கள், உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ நாடகம் நடக்கும் இரவில் முன்வரிசையில் உட்கார்ந்ததுண்டா?

பங்குனிக்கு முன் ஊர்க்கூட்டம் கூடும். வரவு செலவு படிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, வாணவெடிக்கு இவ்வளவு, மின்விளக்குக்கு இவ்வளவு என்று வாசித்து முடிந்ததும், மன்றத் தோழர் ஒருவர் எழுந்து நின்று கேட்கட்டும்: ஆர்மோனியத்துக்கு எவ்வளவு? மிருதங்கத்துக்கு எவ்வளவு? கொடுப்பது ஆட்டம் முடிந்த காலையிலா, அலையவிட்டு ஆடியிலா?